பெட்ரோல் நாத்தம்

மோட்டார் இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான். அதன் பிறகு அப்பா எத்தனை தடவை கயிற்றை இழுத்தும் அது மூச்சு விடவில்லை. படகின் பின்பலகையில் ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் படகு ஆடியது. இரண்டு இழுப்புக்கு நடுவில் பெட்ரோல் குழாயிலிருக்கும் ரப்பர் பம்பைப் பிடித்து நாலைந்து அமுக்கு அமுக்கினார். "குடி. நல்லா குடிச்சித் தொல" என்று மோட்டாரைத் திட்டினார். கரையில் நின்றிருந்த செல்வி அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் தண்ணீரில் இருந்தது. "இருக்காரு" என்றாள். "இன்னும் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு."

கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். கவிழ்ந்த பரிசல் ஆமை முதுகு மாதிரி கறுப்பாகத் தெரிந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு புள்ளி. அந்தச் சிவப்பு, செல்வி அக்காவின் புருஷன் தீர்த்தனுடைய துண்டு. ஆடி மாதம். மேட்டூர் அணை நிரம்பி, தண்ணீர் எங்கள் ஏரியூர்ப் பக்கம் சோளக்காடு வரைக்கும் ஏறி நின்றது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று அலையை முறித்து முறித்துப் போட்டது. தீர்த்தனோடு சேர்ந்து வலை போடுகிற மாதேஷ் இன்னொரு பரிசலை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டான். ஆனால் அந்தக் காற்றில் பரிசல் முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. அவன் துடுப்புப் போடுவதும் காற்று அவனைத் திரும்பக் கரைக்குத் தள்ளுவதுமாக இருந்தது. அந்தக் கரையில், அதாவது சேலம் மாவட்டத்துப் பக்கம், இன்னொரு மோட்டார் படகு உண்டு. அதைத் தார் பூசுவதற்காகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டதில் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்பாவுக்குக் கூழ் கொண்டுவந்த நான், அப்பா, செல்வி அக்கா. மூன்று பேர். தீர்த்தனுக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது எங்கள் படகின் மோட்டார் ஒன்றுதான்.

அப்பாவுக்கு மோட்டார் தெரியாது என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடம் இந்தத் துறையில் டீசல் இன்ஜின் படகு ஓட்டியவர். ஆளையும் ஆட்டையும் பைக்கையும் ஏற்றி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தவர். அந்த டீசல் இன்ஜினை அடித்தாலும் உதைத்தாலும் தாங்கும். இந்த வெளிநாட்டு மோட்டார் வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. பலகைக்குப் பின்னால் மாட்டித் தொங்கவிடுகிற பெட்ரோல் மோட்டார். பழையது. மேட்டூரில் ஒருத்தன் விற்றான். வாங்கப் போனபோது நானும் போயிருந்தேன். "இதுக்கு புக் எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டேன். அவன் என்னையும் அப்பாவின் வேட்டியையும் பார்த்துவிட்டு, "புக்கா? படிக்கவாம்மா போறீங்க, ஓட்டத்தான போறீங்க?" என்று சிரித்தான். "நான் படிப்பேன்" என்றேன். அவன் மேசை இழுப்பறையைக் குடைந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தான். ஒரே ஒரு அட்டை. முழுக்க இங்கிலீஷ். அப்பா அதை வாங்கி என் கையில் கொடுத்தார். கோவிலில் விபூதி வாங்கிக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

நான் பி.ஏ. ஆங்கிலம். எங்கள் வூட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். முதல் பட்டதாரி என்பதற்குத் தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் கொடுப்பார்கள், அதை வாங்கிவைத்துத்தான் தருமபுரியில் காலேஜ் சேர்ந்தேன். மூன்று வருடம் கைடு வாங்கி மனப்பாடம் செய்தேன். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களும் அதே கைடை வைத்துக்கொண்டுதான் எடுத்தார்கள். ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதுவேன், ஒரு நிமிடம் பேசச் சொன்னால் முதல் வாக்கியமே பாதியில் நின்றுவிடும். இப்போது ஏரியூரில் ஒரு சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் ஊருக்கு நான் இங்கிலீஷ் படித்த பொண்ணு. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து இது எதுக்கு என்று கேட்பார்கள். பேங்கிலிருந்து வரும் மெசேஜைக் காட்டுவார்கள். அப்பா யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் என் படிப்பு வந்துவிடும். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். பிடித்தும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

அப்பா கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. "பாப்பா, அந்த அட்டைய எடு. அதுல என்னா போட்டிருக்குதுன்னு பாரு."

படகில் டிக்கெட் பை மாட்டியிருக்கும் ஆணியில்தான் அதுவும் தொங்கியது. எடுத்தேன். இடது பக்கம் கோளாறு, நடுவில் காரணம், வலது பக்கம் என்ன செய்வது என்று கட்டம் கட்டியிருந்தது. மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்கு எதிரே மூன்று காரணங்கள். டேங்க் காலி. இல்லை, பாதி இருந்தது. ஸ்விட்ச்சில் மாட்டும் கிளிப் கழன்றிருக்கலாம். இல்லை, மாட்டித்தான் இருந்தது. மூன்றாவது, இன்ஜின் ஃப்ளட்டட். அதற்கு எதிரே வலது கட்டத்தில், முழுப் புத்தகத்தைப் பார்க்கவும் என்று மட்டும் இருந்தது. அந்தப் புத்தகம்தான் எங்களிடம் இல்லை.

ஃப்ளட் என்றால் வெள்ளம். ஆறாம் வகுப்பிலேயே தெரியும். வெள்ளம் புகுந்த இன்ஜின். சுற்றிலும் தண்ணீர், காற்றில் அலை பின்பலகைக்கு மேல் ஏறி மோட்டாரின் தலையில் அடிக்கிறது. வேறு என்னவாக இருக்க முடியும்? எனக்கு ஒரு நொடி சந்தேகம் வரவில்லை. சொன்னால் வெட்கம், அந்த நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. மூன்று வருடம் படித்த இங்கிலீஷ் முதல் தடவையாக ஓர் உயிருக்கு ஆகப்போகிறது என்று.

"உள்ள தண்ணி பூந்துடுச்சிப்பா" என்றேன். "தெளிவா போட்டிருக்குது. இழுக்காத. இழுத்தா இன்னும் கெட்டுப்போயிரும்."

இழுக்காதே என்று அட்டையில் எங்கும் இல்லை. அது நானாகச் சொன்னது. போன வருடம் என் செல்போன் குடத்தில் விழுந்தபோது கடைக்காரன் சொன்னான், தண்ணி போன பொருளை ஆன் பண்ணவே கூடாது, முதலில் காயவைக்கணும் என்று. நான் அதை இதில் ஒட்டவைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் தண்ணீரில் கிடந்த மனுஷன், ஒரு கேள்வி கேட்கவில்லை. "கழட்டிருவமா?" என்றார். "கழட்டி கவுத்தாத்தான் தண்ணி எறங்கும்" என்றேன்.

நாற்பது கிலோ இருக்கும். இரண்டு திருகையும் தளர்த்தி, சங்கிலியை அவிழ்த்து, பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, அப்பா மோட்டாரைத் தூக்க, முழங்கால் தண்ணீரில் நின்று நான் ஒரு பக்கம் தாங்கினேன். பாரம் சாய்ந்தது. செல்வி அக்கா ஓடிவந்து அடியில் தோளைக் கொடுத்தாள். கொடுத்தபடியே கழுத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள். "கை மாத்திட்டாரு" என்றாள். "இப்ப இந்தாண்டப் பக்கம் வந்து புடிச்சிருக்காரு." அவள் சொல்வது எங்களுக்கா, தனக்கா, அவருக்கா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்கிற வரைக்கும் அவர் இருந்தார்.

கரையில் ஒரு கோணிச்சாக்கை விரித்து, மூடியைக் கழற்றிவிட்டு, மோட்டாரைத் தலைகீழாகச் சாய்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டு சொட்டு, நாலு சொட்டு. பிறகு நூலாக ஒழுகியது. "பாத்தியாப்பா, தண்ணி" என்றேன். அப்பா தலையாட்டினார். ஒழுகுவதற்குக் கீழே கையை ஏந்தினேன். சில்லென்று இருந்தது.

செல்வி அக்கா அருகில் வந்து மூக்கை உறிஞ்சினாள். "பாப்பா, இது தண்ணி இல்ல. பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"பெட்ரோல் மோட்டாரு பெட்ரோல் நாத்தம்தான் அடிக்கும்" என்றேன்.

"அதுக்கு இல்ல பாப்பா. எங்க மொபெட்டும் இப்பிடித்தான் பண்ணும். ரொம்ப குடிச்சிட்டு மூச்சடைச்சி நிக்கும். எங்க வூட்டுக்காரரு பிளக்க கழட்டி எம் முந்தானையில தொடச்சிட்டு ஒரு மிதி மிதிப்பாரு, எடுத்துக்கும். தெனமும் மீனு ஏத்திக்கினு போறப்ப..."

"அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" நான் கத்தினேன். "இதுல எழுதியிருக்குது. கம்பெனிக்காரன் போட்டிருக்கான். மொபெட்டும் இதுவும் ஒண்ணா? செத்த சும்மா இருங்க."

அவள் சும்மா இருந்தாள். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. தன் புருஷன் தண்ணீரில் கிடக்கும்போது, தனக்குத் தெரிந்ததை ஒருத்தி இரண்டாவது தடவை சொல்லவில்லை. எட்டாவதோடு நின்ற பொம்பிளை, படித்தவள் கத்தினால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றாள்.

நான் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் ஏந்தியது ஆவியாகிப் போயிருந்தது. வழிந்த தடம்கூட இல்லை. வெயில் இருந்தாலும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் காயாது. விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, மோந்து பார்த்தேன். மணலில் சொட்டிய இடம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. என் கைக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொன்னது சரி என்று என் கைக்கும் மூக்குக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் அவளைப் பார்த்து அப்படிக் கத்தினேன், அதற்குள் எப்படி மாற்றிச் சொல்வது? அட்டையில் எழுதியிருப்பது பொய்யாகுமா? அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் துண்டை வாங்கி மோட்டாரின் உள்பக்கமெல்லாம் ஒற்றி எடுத்தேன். கருத்தாகச் செய்தேன். பரீட்சைத் தாளில் தெரியாத கேள்விக்கு மூன்று பக்கம் எழுதுகிற மாதிரி.

இதையெல்லாம் செய்யும்போதே மெக்கானிக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேட்டூரில் இருக்கிற மாதவராஜ். துறையில் நெட் வராது. போன் பேசவே மேட்டின் மேல் ஏறி, புளியமரத்துக்கு இந்தப்புறம் நிற்க வேண்டும். 'கூகுள்ல பாத்திருக்கலாமே' என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். மேட்டுக்கு ஏறி ஏறி இறங்கினேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. முதல் தடவை கூப்பிட்டது 1:12. அவர் எடுத்தது 1:51. என் போனில் அது இன்னும் இருக்கிறது. அழிக்கவில்லை.

"கோயில்ல இருந்தம்மா, சத்தத்துல கேக்கல" என்றார். நான் மூச்சு வாங்கச் சொன்னேன். ஆள் தண்ணீரில் இருக்கிறார், மோட்டாரில் தண்ணி பூந்துவிட்டது, அட்டையில் ஃப்ளட்டட் என்று இருக்கிறது.

"யாரு சொன்னா தண்ணின்னு?" என்றார். "ஃப்ளட்டுன்னா ஓவர்ம்மா, பெட்ரோல் ஓவர். பம்ப போட்டு அமுக்கோ அமுக்குன்னு அமுக்கியிருப்பாரு உங்கப்பா. சோக்க இழுத்து வுட்டுட்டு உள்ள தள்ளவே இல்லியா? மொத ரெண்டு சத்தம் குடுத்துச்சா? அப்பவே தள்ளியிருக்கணும். தண்ணியாம்..." அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, சட்டென்று வந்துவிட்ட சிரிப்பு. உடனே நிறுத்திக்கொண்டார். "செரி கேளு. பிளக்க கழட்டித் தொடைங்க. சோக்கு உள்ள இருக்கட்டும். பம்ப கையாலயே தொடாதீங்க. ஆக்சிலேட்டர ஃபுல்லா வெச்சி அஞ்சாறு இழுப்பு இழுக்கச் சொல்லு, எடுத்துக்கும். அஞ்சு நிமிசத்து வேலம்மா இது."

மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தேன். செல்வி அக்காவின் குரல் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

"பெட்ரோலுதான்" என்றேன் அப்பாவிடம். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். அப்பா ஸ்பேனரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துண்டு முழுக்க ஏற்கெனவே எண்ணெய். சுற்றுமுற்றும் பார்த்தார். செல்வி அக்கா வந்து முந்தானையை உருவி நீட்டினாள். அப்பா பிளக்கை அதில் வைத்துத் திருகித் திருகித் துடைத்தார். அந்த இளநீலச் சேலையில் வட்டமாகக் கறை ஏறியது. மூன்று பேருமாக மோட்டாரைத் திரும்பத் தூக்கிப் பின்பலகையில் மாட்டி, குழாயைச் செருகி, படகில் ஏறினோம். நாலாவது இழுப்பில் மோட்டார் எடுத்துக்கொண்டது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அப்படி ஒரு சத்தம். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

போய்ச் சேர ஆறு நிமிடம் ஆனது. பரிசல் கவிழ்ந்தபடியே அலையில் ஏறி இறங்கியது. வலை பாதி அதில் சுற்றியும், பாதி தண்ணீருக்கடியில் முள்ளில் மாட்டி அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டும் கிடந்தது. சிவப்புத் துண்டு மட்டும் விளிம்பு மூங்கிலில் கட்டியிருந்தது. ஒரு முனை மூங்கிலில். மறு முனையில் ஒரு சுருக்கு, அகலமாக, ஒரு கை நுழைகிற அளவுக்கு. கை ஓய்ந்தாலும் தண்ணீர் கொண்டுபோகாமல் இருக்கத் தன்னைக் கட்டிப்போடப் பார்த்திருக்கிறார். நனைந்த துணி, ஒற்றைக் கை, இறுகவில்லை. செல்வி அக்கா அந்தச் சுருக்கை அவிழ்க்கவில்லை. அதற்குள் தன் கையை விட்டுப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மாதேஷ் தன் பரிசலில் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்து, நீச்சல் தெரிஞ்ச ஆளு, வலை காலுல சுத்தியிருக்கும், வலை காலுல சுத்தியிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இருட்டுகிற வரைக்கும் சுற்றினோம். மோட்டார் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் துறையில் ஊரே கூடியது. அங்கேதான் இன்னொன்று நடந்தது. அப்பா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "மோட்டாரு செத்தே போச்சி. எம் பொண்ணுதான் அட்டையப் படிச்சிப் பாத்து, கழட்டச் சொல்லி, மெக்கானிக்கப் புடிச்சி... இல்லன்னா இதுகூட எடுத்திருக்காது." ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். "படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளதான்" என்றார் ஒருவர். "என்னா பண்றது, அவன் விதி முந்திக்கிச்சு." அப்பா பொய் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

ராத்திரி அவரிடம் சொன்னேன். ஃப்ளட்டட் என்றால் தண்ணீர் இல்லை, நான் தப்பாகச் சொன்னேன், நீ இழுத்துக்கொண்டே இருந்திருந்தால்கூட எடுத்திருக்கலாம், செல்வி அக்கா சரியாகச் சொன்னாள் என்று. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "இத வெளிய சொல்லாத" என்றார். "யாருகிட்டயும் சொல்லாத. ஒன்ன என்னா வேணா பேசுவானுங்க." அவர் குரலில் கோபம் இல்லை. என் படிப்பை மூட்டை கட்டி எங்காவது பத்திரமாக வைக்கப் பார்க்கிற குரல். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. 'அவள் கண்கள் கண்ணீரால் ஃப்ளட் ஆயின' என்று இரண்டாம் வருடக் கட்டுரையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன் நான். மகிழ்ச்சியால் ஃப்ளட் ஆனது, நினைவுகளால் ஃப்ளட் ஆனது என்றெல்லாம் கைடில் இருந்தது. அந்தச் சொல்லுக்குத் தண்ணீரே வேண்டியதில்லை என்று பரீட்சைக்கு எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு சொல்லை மூன்று வருடம் வாயில் போட்டு மென்றும் அது என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுக்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இருந்தாலும் கத்தியது அவர்கள் இல்லை.

மறுநாள் செல்வி அக்கா வீட்டுக்கு ஏட்டு வந்தார். வாக்குமூலம் எழுத வேண்டும். "நீ படிச்ச பொண்ணுதான, நீயே எழுதிரு, நான் சொல்றேன்" என்று பேப்பரை என்னிடம் நீட்டினார். பெயர், தேவிப்பிரியா, தகப்பன் பெயர் நஞ்சப்பன் என்று ஆரம்பித்து எழுதினேன். படகு மோட்டார் பழுது என்று சொன்னார். நான் அதோடு நிறுத்தவில்லை. மோட்டாரில் பெட்ரோல் மிகுந்து நின்றதைத் தண்ணீர் புகுந்ததாக நான் தவறாகச் சொன்னேன், காணாமல் போனவரின் மனைவி கலைச்செல்வி சரியான காரணத்தைச் சொல்லியும் நான் தடுத்தேன், இதனால் ஏறக்குறைய நாற்பது நிமிடம் வீணானது என்று எழுதினேன். ஏட்டு வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?"

"நடந்தது இதுதானுங்க."

"நடந்தத எல்லாம் எழுதுறதுக்கு இது டைரியா? மோட்டார் பழுதுன்னு ஒரு வரி போதும். காத்து, அலை, பரிசல் கவுந்துச்சு, ஆளக் காணோம். நீ தப்பாப் படிச்சதுக்கெல்லாம் சட்டத்துல எடம் இல்ல." அவர் அந்தத் தாளை நாலாக மடித்துக் கிழித்து, புதுத் தாள் கொடுத்தார். "அந்தப் பொம்பளைக்கு நாளைக்கு எறப்பு சர்டிபிகேட்டு வாங்கணும். நீ இந்த மாதிரி எழுதி வெச்சின்னா அதுக்குத்தான் இழுத்தடிப்பானுங்க. அவளுக்கு நல்லது பண்ணணும்னா நான் சொல்றத எழுது."

நான் எழுதினேன். அவர் சொன்னதை எழுதினேன். செல்வி அக்கா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் ஏட்டு படித்துக் காட்டினார். படகு மோட்டார் பழுதடைந்த காரணத்தால் என்ற இடம் வந்தபோது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு தடவைதான். பிறகு சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவை வாங்கி, க-வுக்குச் சுழி வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். ரொம்ப நேரம் பிடித்தது. எழுத்து அழகாக இருந்தது.

தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் தேடினார்கள். ரப்பர் படகில் வந்து கொக்கி போட்டு இழுத்தார்கள். கிடைத்தது கருவேல முள்ளும் யாருடையதோ பழைய வலையும்தான். மூன்றாம் நாள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தானாக மேலே வரும் என்று மாதேஷ் சொன்னான். அவன் அதை அவள் காதில் படாமல் சொல்ல நினைத்தான், பட்டுவிட்டது. விடிந்ததும் அவள் துறைக்கு வந்து அப்பாவைப் பார்த்து, "போலாங்கண்ணா" என்றாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் ஏறிக்கொண்டேன்.

காற்று இல்லை. ஆடியில் அப்படி ஒரு காலை அபூர்வம். தண்ணீர் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. அப்பா ஒரே இழுப்பில் மோட்டாரை எடுத்தார், எடுத்ததும் சோக்கை உள்ளே தள்ளினார். பரிசல் கிடந்த இடத்துக்கும் கீழே, நீரோட்டம் போகிற பக்கமாக மெதுவாகப் போனோம். செல்வி அக்கா நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு எதிரே. முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரம். நடுத்தண்ணீருக்கு வந்ததும் "நிறுத்துங்கண்ணா" என்றாள். அப்பா மோட்டாரை அணைத்தார். அந்த அமைதியில் படகின் வயிற்றில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது.

"அக்கா" என்றேன். "நீங்க சொன்னது செரி. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. கையில தொட்டப்பவே தெரிஞ்சிடுச்சி. நாந்தான் சொல்லல."

அப்பா பின்னாலிருந்து "பாப்பா" என்றார்.

செல்வி அக்கா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ மோந்து பாத்தத நான் பாத்தன்" என்றாள். "நாத்தம் புடிச்சிட்டு, மறுக்காவும் துண்டால தொடச்ச."

அழுதால் செருப்பால் அடிப்பாள் என்று தோன்றியது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவள் அடிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அடுப்படியில் கூட வேலை செய்கிறவளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"என் மூஞ்சியப் பாக்காத. தண்ணியப் பாரு. நீ அந்தாண்டப் பாரு. நா இந்தாண்டப் பாக்கறன்."

நான் திரும்பி உட்கார்ந்தேன். என் பக்கம் கிழக்கு. சூரியன் அப்போதுதான் மலைக்கு மேலே வந்து தண்ணீர் முழுக்கத் தகரம் அடித்த மாதிரி பளபளத்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தேன். நாற்பதடி தள்ளி மூன்று நீர்க்காகங்கள் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கட்டை என்றுதான் நினைத்தேன். படகு நகர நகர ஒரு பறவை எழுந்தது, பிறகு இரண்டாவது எழுந்தது. பாரம் குறைந்ததும் அது தண்ணீருக்குள் கொஞ்சம் அசைந்து, மெல்ல, ஒருக்களித்துப் படுத்திருப்பவர் புரள்வது போல, எங்கள் பக்கம் திரும்பியது.